அந்தரா என்ற கருத்தடை ஊசிக்கு நாள் தவறிவிட்டால்?

"கொரோனா ஊரடங்கில் அக்காவால் அந்தரா ஊசி போடப் போக முடியவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தபோது நான்கு மாதம். இப்போது நானும் அதே ஊசிதான் போடுகிறேன். மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வது?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

முதலில் உங்கள் ஊசி அட்டையை எடுங்கள். அதில் குறித்த தேதி தாண்டினால் எல்லாம் போச்சு என்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு, ஆனால் இரண்டு வாரம் முன்னதாகவும் போடலாம், நான்கு வாரம் தாமதமாகவும் போடலாம். அதனால் ஊரடங்குப் பேச்சு அடிபடும்போதே, தேதி இரண்டு வாரத்துக்குள் இருந்தால், போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

முடியவில்லையா, அந்த நான்கு வாரம் முடிவதற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். நிரோத் ஆணுறை, மாலா-என், சாயா என்ற கருத்தடை மாத்திரைகள் எல்லாமே இலவசம். ரத்த அழுத்தம் இருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ மாலா-என் வேண்டாம், சாயா கேளுங்கள்: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு மாத்திரை, அப்புறம் வாரம் ஒன்று. நான்கு வாரமும் தாண்டிவிட்டதென்றால் கர்ப்பம் இல்லை என்று பார்த்த பிறகே ஊசி, போட்ட பிறகும் ஏழு நாள் ஆணுறை.

அக்கா ஏமாந்தது எங்கே என்று ஊகிக்க முடிகிறது. இந்த ஊசி போடுபவர்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது சகஜம், அதனால் 'ஊசியால்தான் வரவில்லை' என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஊசி நாள் தவறினால் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்காமல், கர்ப்பப் பரிசோதனை அட்டையில் காலை முதல் சிறுநீரை இரண்டு மூன்று சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்.

இரண்டு கோடு விழுந்து, கர்ப்பம் வேண்டாம் என்றால், ஒவ்வொரு வாரமும் கணக்குதான். மாத்திரையால் கலைப்பது ஒன்பது வாரம் வரை, அதுவும் மருத்துவர் பார்த்துக் கொடுக்க வேண்டும், கடையில் நீங்களே வாங்கி விழுங்குவது ஆபத்து. 20 வாரம் வரை கலைக்க ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதற்கு மேல் 24 வரை சட்டம் சொல்லும் சிலருக்கு மட்டும். 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் சம்மதமே போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் கருக்கலைப்பை அத்தியாவசிய சேவையில் சேர்த்தது. எனவே "நோய் அடங்கட்டும், வாங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால், அன்றைக்கே வேறொரு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சொந்தக் கருத்து ஒன்று: சில வருடங்களுக்குக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால், ஊசிக்கு அலைவதைவிட, கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி பற்றி இப்போதே பேசுங்கள். 380ஏ வகை என்றால் பத்து வருடம் வரை இருக்கும், ஊர் மூடினாலும் அதற்கு ஒன்றுமில்லை.