முதல் ஆய்வு நிதி: எல்லைப்புறக் கேள்விகளும் பதில்களும்

பிஎச்டியோ எம்.டி.யோ முடித்து, சுகாதார ஆய்வைச் சொந்தமாகத் தொடங்க நினைக்கும் பாலக்காடு, இடுக்கிப் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்டவை இவை.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, எனக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை. பிரதம மந்திரி பெயரில் வரும் ஆரம்பநிலை ஆய்வு நிதிக்குப் போடலாமா?

முடியாது தம்பி. ஏஎன்ஆர்எஃப் (மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பு) தரும் அந்த நிதி (3 வருஷத்துக்கு 60 லட்சம் வரை) நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கு. நீங்கள் இன்ஸ்பயர் ஃபேக்கல்டிக்குப் போடுங்கள், அது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் ஃபெலோஷிப். 5 வருஷம், மாதம் 1,25,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். வயது வரம்பில் கறாராக இருப்பார்கள், தள்ளிப்போடாதீர்கள். சீனியர் யாராவது 'செர்ப்புக்குப் போடு' என்றால், அந்தப் பழைய நிதி வாரியம் இப்போது ஏஎன்ஆர்எஃப் ஆகிவிட்டது என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

மறையூர்: நான் எம்.டி. மட்டும்தான், பிஎச்டி இல்லை. மதிப்பார்களா?

இந்தியா அலையன்ஸ் என்ற ஆய்வு நிதி அமைப்பில் மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத்தில் இருப்பவர்களுக்கும் தனிப் பிரிவே உண்டு, பிஎச்டி கட்டாயமில்லை. உங்களுக்குத் தடை ஓபி (வெளிநோயாளிப் பிரிவு) வேலைதான். ஆய்வுக்கு எத்தனை நாள் விடுவிப்போம் என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை ஒரு டெங்கு சீசன்கூடத் தாங்காது.

அகளி: அட்டப்பாடியில் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) பற்றி நிதிக்கு விண்ணப்பம் எழுதினேன். 'கைடின் வேலையின் தொடர்ச்சி' என்று திருப்பிவிட்டார்கள். என்ன செய்வது அக்கா?

என் முதல் விண்ணப்பமும் இதே வரியோடுதான் திரும்பி வந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் எடுத்து வாசித்தால், அவர்கள் சொன்னது சரி.

உங்கள் கைடு மரபணு பார்க்கிறார். நீங்களும் அதையே பார்த்தால் பணம் அவருக்குத்தானே போக வேண்டும்? நீங்கள் ஊர்களுக்குள் நடப்பவர், அங்கிருந்து கேளுங்கள். முதலில் செய்யும் எளிய ரத்தச் சோதனையான சால்யுபிலிட்டி டெஸ்ட், நோயாளியையும் வெறும் கேரியரையும் (நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்) பிரித்துக் காட்டாது, அதற்கு ஹெச்பிஎல்சி என்ற இரண்டாவது டெஸ்ட் வேண்டும். முதல் டெஸ்டில் பாசிட்டிவ் வந்த பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் இரண்டாவதுக்குப் போகிறார்கள், மற்றவர்கள் எங்கே நின்றுபோகிறார்கள்? இந்தக் கேள்வி உங்களுடையது.

பட்ஜெட்டையும் பார்த்தேன். மெஷின் இருக்கிறது, ஜீப் இல்லை! ரத்தக் குழாய் ஐஸ் பெட்டியில் மலைச்சுரப் பாதை இறங்கி மண்ணார்க்காடு வரவேண்டாமா? ஜீப் வாடகை, ஐஸ் பேக், ஊர்த் தலைவரான மூப்பனைப் பார்க்கப் போகும் நாட்கள், கூட வரும் இருளர் பெண்ணுக்குச் சம்பளம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த நாலு வரியைப் பார்த்தாலே களத்துக்குப் போனவரா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒப்புதல் படிவத்தை மலையாளத்தில் மட்டும் வைக்காதீர்கள், இருள மொழியில் வாசித்துக் காட்ட ஏற்பாடு இருக்கட்டும். எத்திக்ஸ் கமிட்டியில் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

சித்தூர் (நம்ம பாலக்காட்டுச் சித்தூர்!): வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு) செய்கிறேன், ஊர் திரும்ப ஆசை.

ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப். உங்களைப் போன்றவர்களுக்காகவே டிபிடி (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) நடத்துவது. காங்க்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு கொடுத்தால் கழுத்துக் கழலை குறையும் என்று காட்டியவர் பெயரில் இருக்கிறது. உங்களை ஏற்கும் நிறுவனத்தோடு இப்போதே பேசத் தொடங்குங்கள்.

வாளையார்: பணம் வந்தபிறகு நிம்மதிதானே?

யுசி என்று ஒன்று இருக்கிறது. செலவுக் கணக்குச் சான்றிதழ். அது போகாமல் அடுத்த தவணை வராது, உங்கள் ப்ராஜெக்ட் அசிஸ்டென்டுக்குச் சம்பளமும் நிற்கும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் யார் அதைத் தயார் செய்கிறார் என்று கேட்டு, மார்ச்சுக்கு முன்னாலேயே போய் ஒரு டீ வாங்கிக்கொடுங்கள்.