மே மாதத்தில் பனிமான் கன்றுகளைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில், மே நடுவில், இரண்டு பிள்ளைகளோடு ஸ்வீடனின் வடகோடிக்குப் போகிறோம். அங்கே பனிமான் மேய்க்கும் பூர்வகுடிகளான சாமி இனத்தைச் சேர்ந்த வழிகாட்டியோடு பனிமான் (ரெயின்டீர்) கன்றுகளைப் பார்க்க ஆசை. ஏற்ற காலம்தானா?

பதில்: கன்று ஈனும் மாதத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். குளிர்காலம் முழுக்கப் பனியைக் குளம்பால் தோண்டி, அடியில் பாசிபோல் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்று பிழைத்த தாய்மான் அப்போது மெலிந்திருக்கும். ஆளைக் கண்டு மிரண்டு ஓடினால் பிறந்த கன்று தனியே நின்றுவிடும். மந்தைக்காரர்களே எட்ட நின்றுதான் கவனிப்பார்கள். அந்நாட்களில் 'மந்தைக்குள் கூட்டிப்போகிறேன்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாமி மக்களுக்கு ஆண்டுக்கு எட்டுப் பருவங்கள். மார்ச், ஏப்ரலில் வருவது குளிர்காலமும் வசந்தமும் கலந்த பருவம். பகலில் இளகிய பனி இரவில் இறுகி, காலையில் தளம் போட்டதுபோல் கெட்டியாக இருக்கும், பகலும் நீளும். விடுமுறை ஏப்ரலிலேயே தொடங்கினால் அப்போதே கிளம்பிவிடுங்கள்.

கன்றுதான் வேண்டுமென்றால் ஜூன் கடைசி, ஜூலை. பள்ளியில் சில நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருக்கும். கேட்கலாம், அவ்வளவு மதிப்புள்ள காட்சி. வெயிலும் கொசுவும் குறைந்த இரவில், மறையாத சூரியனின் வெளிச்சத்தில், மந்தையைப் பட்டிக்குள் ஓட்டுவார்கள். கன்றின் கழுத்தில் எண் அட்டையைக் கட்டிவிட்டு, அது எந்தத் தாயின் பின்னால் ஓடுகிறது என்று பார்த்திருப்பார்கள். தாயின் காதில் உரிமையாளரைக் காட்டும் வெட்டு அடையாளம் இருக்கும்; அது யாருடையதோ, கன்றும் அவருடையது. பிறகு சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, சிறு கத்தியால் அதே அடையாளத்தைக் கன்றின் காதிலும் வெட்டுவார்கள். சாமிக் குழந்தைகளுக்கும் சொந்த அடையாளம் உண்டு. உங்கள் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்ப்பார்கள். வேலை நாள் அது. அழைத்தால் மட்டும் போங்கள், சொன்ன இடத்தில் நில்லுங்கள்.

முன்பதிவுக்கு முன் வழிகாட்டியிடம், 'நீங்கள் எந்த சாமெபியைச் சேர்ந்தவர்?' என்று கேளுங்கள். சாமெபி என்பது மந்தை மேய்க்கும் உரிமையுள்ள சமூகக் கூட்டமைப்பு. ஸ்வீடனில் 51 உள்ளன. மந்தைக்காரர் உடனே பதில் சொல்வார்.

இரண்டு விஷயங்களில் கவனம். 'லாப்' என்ற பழைய பெயரால் அவர்களைக் குறிப்பிடாதீர்கள், அது இழிசொல். 'உங்களுக்கு எத்தனை மான்?' என்றும் கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு பணம் என்று கேட்பதும் அதுவும் ஒன்றுதான்.