வெளிநாட்டில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்களே, நாம் ஏன் காய்ச்ச வேண்டும்?

ஜெர்மனியில் மகன் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறான், நாகர்கோவிலில் ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊருக்கு வரும் முக்கடல் அணைத் தண்ணீரையும் சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் வருகிற வழியில். அங்கே குழாயில் 24 மணி நேரமும் அழுத்தம் இருக்கும். விரிசல் விழுந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். இங்கே விட்டுவிட்டு வருகிறது. நின்ற நேரத்தில் அழுத்தம் இறங்கி, பக்கத்து ஓடை அழுக்கு அதே விரிசல் வழியே உள்ளே புகும். முதலில் வரும் கலங்கலை வாளியில் பிடித்துத் தென்னைக்கு ஊற்றுகிறோமே, அது சும்மா இல்லை. மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம்.

சரி, பணக்கார நாடென்றால் கவலையே இல்லையா? அசந்தால் அங்கேயும் போச்சு. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014-இல் ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களில் இருந்த ஈயம் (lead) என்ற நச்சு உலோகம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. ஈயம் காய்ச்சினாலும் போகாது.