புண்ணில் புழு, கையில் தைலம்: கால்நடை மருத்துவரின் கேள்வி-பதில்

கேள்வி: மாட்டின் கொம்பு முறிந்த இடத்தில் புழு வைத்துவிட்டது. யூகலிப்டஸ் தைலம் விட்டதும் புழுக்கள் நெளிந்து மேலே வந்தன. தினமும் இப்படியே விட்டுவந்தால் போதுமா?

பதில்: போதாது. புழு தலையைச் சதைக்குள் புதைத்து, பின்புறத்தை மேலே நீட்டிக்கொண்டுதான் தின்னும். மூச்சுவிடுவதும் அந்தப் பின்புறத்தால்தான். டார்ச் அடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் மழுங்கிய முனையிலும் கரும்பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும். அவைதான் மூச்சுத்துளைகள். தைலம் அவற்றை மூடும்போது மூச்சுத் திணறுகிறது, தைலத்தின் காரமும் உறுத்துகிறது. அதனால் வெளியே வருகிறது. வெளியே வந்த புழு செத்த புழு என்று எண்ணிவிடாதீர்கள். முற்றிய புழு தரையில் விழுந்தால் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பும்.

ஆகவே, மேலே வந்தவற்றை இடுக்கியால் எடுத்துக் கொதிநீரில் போடுங்கள். உப்புநீரால் புண்ணைக் கழுவி, ஓரத்துத் தோலைத் தூக்கி அடியில் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஆழத்தில் செத்துக் கிடக்கும் புழுவும் ஆபத்துதான். அழுகிச் சீழ் பிடிக்க வைக்கும். அடுத்தடுத்த நாட்களிலும் இதே சோதனை வேண்டும். டர்பென்டைனும் பைன் மரப் பிசினிலிருந்து வடித்த தைலம்தான்; பஞ்சில் நனைத்துச் சில நிமிடங்கள் வைத்து எடுத்துவிட வேண்டும். புண்ணிலேயே விட்டுவிட்டால் புதிதாக வளரும் சதை வெந்துபோகும்.

உங்கள் மாட்டுக்கு இன்னொரு சிக்கல். வளர்ந்த மாட்டின் கொம்புக்குள் இருக்கும் வெற்றிடம் நெற்றி எலும்பின் அறையோடு சேர்ந்தது. அதற்குள் எதையும் ஊற்றாதீர்கள். இன்றே மருத்துவரை அழையுங்கள். ஐவர்மெக்டின் போன்ற புழுக்கொல்லி ஊசி தேவையா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: ஆய்வகத்தில் தாவரத் தைலங்கள் எல்லாப் புழுக்களையும் கொன்றதாகப் படித்தேன். என் ஆட்டிடம் பலிக்கவில்லையே?

பதில்: ஆய்வகத்துப் புழுவுக்கு ஒளிய இடமில்லை. தைலம் தோய்ந்த தாளின்மேல் மூடிய கிண்ணத்தில் கிடக்கிறது, ஆவியும் வெளியேறாது. பெரும்பாலும் அப்போதுதான் பொரித்த, தோல் மெலிந்த புழுவாகவும் இருக்கும். உங்கள் ஆட்டின் புண்ணில் இருப்பது கடைசிப் பருவத்துத் தடித்த புழு. சுற்றிலும் நிணமும் இரத்தமும். தைலமோ பறந்துவிடும் பொருள்.

பாட்டிலில் இருப்பது என்ன என்பதும் முக்கியம். தேயிலை மரத் தைலத்துக்கு (டீ ட்ரீ ஆயில்; நாம் குடிக்கும் தேயிலைச் செடியிலிருந்து எடுப்பதல்ல) ஐஎஸ்ஓ 4730 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் உண்டு. அதில் டெர்பினென்-4-ஆல் என்ற முக்கிய வேதிப்பொருள் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். அளவு எழுதாத பாட்டிலை வைத்துக்கொண்டு ஆய்வு முடிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. என்னைக் கேட்டால், இந்தத் தைலங்களின் உண்மையான இடம் புழு வைப்பதற்கு முன்பு. கடலை எண்ணெய் போன்ற ஏதாவது ஒன்றில் நன்றாக நீர்க்கச் செய்து, புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் தடவினால் ஈ முட்டையிடத் தயங்கும். வாசனை போனதும் பலனும் போய்விடும். மறுபடி தடவ வேண்டும்.

கேள்வி: வேப்பெண்ணெயும் இதே வகைதானே?

பதில்: இல்லை. வேப்பெண்ணெய் விதையை ஆட்டி எடுப்பது, நீராவியில் வடிப்பது அல்ல. அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள், புழு தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். அது மெதுவான வேலை. உடனடியாகப் புழுவைக் கொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பூனையின் புண்ணுக்குக் கிராம்புத் தைலம் தடவலாமா?

பதில்: கூடவே கூடாது. கிராம்புத் தைலத்திலுள்ள யூஜெனால் போன்ற பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரிவரக் கழிக்க முடியாது. தடவியதை நக்கியும் விழுங்கும். தேயிலை மரத் தைலமும் பூனைக்கு நஞ்சு. நாய்களும் அதனால் நடுக்கம் கண்டு சாய்ந்ததுண்டு.

கேள்வி: இயற்கை மருந்துக்குப் புழுக்கள் பழகிப்போகாது என்கிறார்களே?

பதில்: பழகுவதற்கு நாளாகும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு தைலத்தில் பல பொருள்கள் இருக்கின்றன. சில, பூச்சியின் நரம்புகளில் ஆக்டோபமின் என்ற நரம்புச் செய்திப்பொருள் வேலை செய்யும் இடத்தைத் தாக்குகின்றன. வேறு சில, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு செய்திப்பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. பல வாசலிலும் அடி விழுகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆடுகளைத் தாக்கும் லூசிலியா குப்ரினா ஈ, டீல்ட்ரின், டயாசினான் என்ற பூச்சிக்கொல்லிகளைத் தாங்கப் பழகியது. பிறகு டைசைக்ளனில் என்ற மருந்தையும் தாங்கியது. அந்த ஈயைப் பற்றி ‘பழகாது’ என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: புழு புண்ணைச் சுத்தம் செய்யும் என்பது உண்மையா? அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: மருத்துவமனைகளில் பயன்படுவது லூசிலியா செரிகேட்டா என்ற ஈயின் புழு; கிருமி நீக்கி வளர்த்து, எண்ணி வைத்து, சில நாட்களில் எடுத்துவிடுவார்கள். உங்கள் மாட்டுக்கு வந்திருப்பது கிரைசோமியா பெசியானா என்ற ஈயின் புழுவாக இருந்தால் அது உயிருள்ள சதையையே தின்னும். இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆட்டின் மூக்கில் புழு. இரண்டு சொட்டுத் தைலம் விடலாமா?

பதில்: வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். இதற்கு மருத்துவர் தரும் மருந்துதான் வழி.