நூலையும் ஊசியையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: கிறிஸ்துமஸ் குரோஷா கேள்வி-பதில்

டிசம்பர் பிறந்தால் போதும், கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா வேலையைப் பற்றிய கேள்விகள் வந்து குவிந்துவிடுகின்றன. ஆடி முடிந்ததும் நூல் வாங்கிப் பின்ன ஆரம்பித்திருந்தால் இந்தப் பதற்றமே இருக்காது. சரி, அதை யார் கேட்கிறார்கள். இந்த முறையும் பாதிப் பேர் என்ன நூல், எத்தனை மில்லிமீட்டர் ஊசி என்று எழுதவே இல்லை. அதை எழுதாமல் கேட்பது டாக்டருக்குப் போன் போட்டு "வலிக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பது போலத்தான். விவரம் எழுதியவர்களுக்கு முதல் மரியாதை.

கோபியிலிருந்து: 10-ஆம் நம்பர் நூல், 1.5 மி.மீ. ஊசியில் நட்சத்திரம் பின்னினேன். மரத்தில் மாட்டினால் துவண்டு தொங்குகிறது. சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?

செய்யலாம், எறும்புக்குக் கிறிஸ்துமஸ் விருந்து வைக்க ஆசை இருந்தால். பாகு முறை குளிர் தேசத்துக்குச் சரி. நமக்கு ஜவ்வரிசிக் கஞ்சி போதும். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை நாலு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் நட்சத்திரத்தை முக்கிப் பிழியுங்கள். தெர்மோகோல் மேல் பாலிதீன் கவர் விரித்து, முதலில் நடுவில் ஒரு குண்டூசி, அப்புறம் எதிரெதிர் முனைகளாக இழுத்துக் குத்திக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்திலிருந்தே வரிசையாகக் குத்தினால் கோணிக்கொள்ளும். குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும், மட்ட ரகம் ஒரே ராத்திரியில் முனைக்கு ஒரு பழுப்புப் புள்ளி வைத்துவிடும், அது லேசில் போகாது. இன்னும் விறைப்பாக வேண்டும் என்றால் வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. ஆனால் கஞ்சியைத் துவைத்து எடுத்துவிடலாம், பசையை எடுக்க முடியாது. இரண்டில் எதுவானாலும் மோடம் போட்ட நாளில் வேண்டாம், காயாமல் வாடை பிடித்துவிடும்.

ஈரோட்டிலிருந்து: நட்சத்திரத்துக்கு ஐந்து முனையா, ஆறு முனையா?

பனிப்படிகம் என்றால் ஆறு, இயற்கையில் அது அப்படித்தான். வெறும் நட்சத்திரம் என்றால் உங்கள் இஷ்டம்.

பொள்ளாச்சியிலிருந்து: தட்டையாக வரவேண்டிய வட்டம் கிண்ணம் போலக் குவிகிறது.

சுற்றுக்குச் சுற்று நீங்கள் கூட்டும் தையல் குறைவு. சிங்கிள் குரோஷே என்னும் குட்டைத் தையல் என்றால் சுற்றுக்கு 6, டபுள் என்னும் உயரத் தையல் என்றால் 12 கூட்டுங்கள். ஓரம் நெளிநெளியாக வந்தால் கூட்டல் அதிகம். நூல், ஊசி எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் சொல்லியிருப்பேன்.

திருப்பூரிலிருந்து: எங்கள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மீந்த கோன் நூல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கடையில் குரோஷா நூல் சின்ன உருண்டைக்கே விலை சொல்கிறார்கள். இதிலேயே பின்னினால் என்ன?

இந்தக் கேள்வி வராத வருஷமே கிடையாது. வருஷம் தவறாமல் "வேண்டாம்" என்கிறேன், அடுத்த வருஷம் பிசிறு பிசிறாக ஒரு நட்சத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பி "ஏனுங்க இப்படி வருது" என்கிறார்கள். இந்தத் தடவை காரணத்தோடு சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பனியன் நூல் பெரும்பாலும் ஒற்றை இழை, முறுக்கும் குறைவு. துணி மெத்தென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி நூற்கிறார்கள். கொக்கி மாட்டினால் இழை பிளக்கும். குரோஷா நூலோ பல இழைகளைச் சேர்த்து இறுக்கி முறுக்கியது, நல்ல ரகம் மெர்சரைஸ் செய்தது, அதாவது இழுத்துப் பிடித்துக் காஸ்டிக் சோடாவில் முக்கி எடுத்தது. அந்த மினுமினுப்பும் பலமும் அதனால்தான். அடுத்தது தடிமன். உங்களிடம் இருப்பது 30-ஆம் நம்பர் என்று வைத்துக்கொண்டால், கடையில் விற்கும் 10-ஆம் நம்பர் குரோஷா நூலின் தடிமனுக்கு ஏறக்குறைய பத்து இழை சேர்க்க வேண்டும். 30, 40 என்பது மில் கணக்கு, உருண்டையில் போட்டிருக்கும் 10, 20 வேறு கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பத்து இழையை முறுக்காமல் சேர்த்துப் பின்னினால், கொக்கியில் எட்டு வரும், இரண்டு வெளியே வளையம் போட்டு நிற்கும்.

மூன்றாவது விஷயம் யாருக்கும் தோன்றுவதில்லை. நிட்டிங் மிஷினில் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காகக் கோன் நூலுக்கு மெழுகு பூசியிருப்பார்கள். சாயம் போடாத கிரே நூல் என்றால் பஞ்சின் இயற்கை மெழுகும் அப்படியே இருக்கும். அதில் கஞ்சி எப்படிப் பிடிக்கும்? தாமரை இலைத் தண்ணீர்தான். சலவை சோடாவும் சோப்பும் போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்து அலசினால் ஓரளவு போகும். ஆனால் அதற்கு விறகும் கேஸும் செலவழித்து, இழை சேர்த்து, முறுக்கி... ஒரு நட்சத்திரத்துக்கு ஆகும் நூலே சுமார் 10 மீட்டர்தான் அம்மா! இருபது கிராம் உருண்டையில் பத்து நட்சத்திரம் வரும். மிச்சம் பிடிக்கிற இடமா இது? கோன் நூலை வீணாக்க வேண்டாம், மரத்தில் மாட்டும் மணிக்கும் தேவதைப் பொம்மைக்கும் அடியில் தொங்கவிடக் குஞ்சம் கட்டுங்கள். அதற்கு அதைவிடப் பொருத்தமான நூல் கிடையாது.

தாராபுரத்திலிருந்து: சாண்டா தொப்பி பின்னினேன். சிவப்பு, வெள்ளை பார்டரில் இறங்கி ரோஸ் ஆகிவிட்டது.

முதலில் நனைத்துப் பாருங்கள், முதலில் நனைத்துப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதுவது. பின்னுவதற்கு முன்னால் சிவப்பு நூலில் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்துங்கள். கறை பட்டால் அந்த நூல் வெள்ளையோடு சேரக்கூடாது. இப்போதைக்கு அந்த பார்டரைப் பிரித்து வேறு வெள்ளை போடுங்கள். பிளீச் வேண்டாம், சிவப்பும் போய்விடும்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: படம் அனுப்பியிருக்கிறேன், இதை எப்படிப் பின்னுவது? ஒருமுறை போட்டேன், ரொம்பப் பெரிதாக வந்தது.

அம்மணி, அந்தப் படத்தில் நட்சத்திரத்தைவிட உன் விரல்தான் தெளிவாகத் தெரிகிறது. நூலும் எழுதவில்லை, ஊசியும் எழுதவில்லை. பெரிதாக வந்ததற்கு ஒரு காரணம் இருக்கலாம்: அமெரிக்கப் பின்னல் குறிப்பில் டபுள் என்கிற தையல், பிரிட்டிஷ் குறிப்பில் டிரெபிள். பிரிட்டிஷ் டபுள், அமெரிக்க சிங்கிள். குறிப்பில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று வந்தால் அது அமெரிக்கக் கணக்கு. மாற்றிப் போட்டால் உயரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும்.

அவிநாசியிலிருந்து: இங்கே லேஸ் போடும் குரோஷே மிஷின் இருக்கிறதே, அதில் நட்சத்திரம் போட்டு வாங்கினால் மலிவாக இருக்குமா?

பெயர்தான் குரோஷே மிஷின், அது ஓட்டுவது வேறு பின்னல். எலாஸ்டிக், லேஸ் என்று நாடா நாடாவாக நீளத்தில் தள்ளும், வட்டத்துக்கு வராது. கொக்கி ஊசிப் பின்னல் இன்றைக்கும் கைவேலைதான். ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னுகிற லேஸ் வெளிநாடு வரைக்கும் போகிறது, எல்லாம் கையால் போட்டது. ஒரு நட்சத்திரம் பின்ன முக்கால் மணி நேரம், கஞ்சி போட்டு விறைக்க ஒரு நாள். அதைப் பத்து ரூபாய்க்குக் கேட்கிறவர்களுக்கு பேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் நட்சத்திரம் இருக்கிறது, தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும்.

கரூரிலிருந்து: மரத்தில் மெழுகுவத்தி வைக்கலாமா?

கூடவே கூடாது. அக்ரிலிக் நூல் உருகி ஒட்டும், பருத்தி பிடித்து எரியும். சூடாகும் பழைய குண்டு பல்பு சரமும் வேண்டாம், எல்.இ.டி. சரம் போடுங்கள்.

உடுமலையிலிருந்து: சவுக்குக் கிளையில் மாட்டுகிறோம். பஞ்சு அடைத்த உருண்டைகளைத் தொங்கவிட்டால் கிளை வளைகிறது.

தலையணைப் பஞ்சைத் திணித்திருப்பீர்கள். பாலியஸ்டர் பைபர் லேசாக இருக்கும், அதைப் போடுங்கள். அடைக்காமலே செய்ய ஒரு வழி உண்டு. உருண்டையைத் துளைப் பின்னலாகப் போட்டு, உள்ளே சின்ன பலூன் வைத்து ஊதிக் கட்டி, மேலே பசைத் தண்ணீர் தடவிக் காயவிட்டு, அப்புறம் பலூனை உடைத்து எடுத்துவிடுங்கள். பலூன் சிவப்பாக இருந்தால் வெள்ளை நூலில் சாயம் ஒட்டலாம், வெள்ளை பலூனாகவே வாங்குங்கள். எதற்கும் ஒன்றை முதலில் நனைத்துப் பாருங்கள்.