செல்ஃப் எடுக்காத பழைய ஸ்போர்ட்ஸ் கார்: இம்மொபைலைசரைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: தொண்ணூறுகளின் கடைசியில் வந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறேன். நான் மூன்றாவது உரிமையாளர். சில நாள் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். சில நாள் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரியும், செல்ஃப் மட்டும் எடுக்காது. பத்து நிமிடம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். "கம்பெனி இம்மொபைலைசர் பழசாகிவிட்டது, தூக்கிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடலாம்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் இப்போதே வேண்டாம். சரியான சாவி இல்லாமல் காரைக் கிளம்ப விடாத திருட்டுத் தடுப்புப் பெட்டிதான் இம்மொபைலைசர். கோளாறு அதில்தான் என்று உறுதியாகும்வரை ஒரு வயரைக்கூட வெட்ட விடாதீர்கள். பழைய காரில் எது கெட்டாலும் முதலில் பழி விழுவது இம்மொபைலைசர் மேல்தான். அதைக் கழற்றிய பிறகும் அதே தொல்லை தொடர்ந்தால், பழைய கோளாறோடு வெட்டி ஒட்டிய வயரிங்கையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கலாம். பேட்டரி பலவீனமாக இருக்கலாம். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையில் துரு ஏறியிருக்கலாம். இக்னிஷன் சுவிட்சின் உள்தொடர்பு தேய்ந்திருக்கலாம். ஓடி நின்ற என்ஜினின் சூட்டில் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு (மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) வேலை செய்யாமல் போயிருக்கலாம். இந்தக் கடைசிக் கோளாறு சூடு ஆறியதும் தானாகச் சரியாகிவிடும், அதனால் பத்து நிமிடக் காத்திருப்புக்கும் அது பொருந்துகிறது. அதே காத்திருப்பு இம்மொபைலைசருக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கல். 1986 செவர்லே கார்வெட்டில் வந்த அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாவித் தண்டில் சிறு மின்தடை பதித்திருக்கும். மொத்தம் 15 அளவுகள், உங்கள் காருக்கு அவற்றில் ஒன்று. தவறான அளவு வந்தால் அந்தப் பெட்டி சில நிமிடங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும், அதற்குள் சரியான சாவியைப் போட்டாலும் பயனில்லை. பூட்டிலிருந்து ஸ்டியரிங் தண்டு வழியாக இறங்கும் மெல்லிய வயர்கள், சாவி திரும்பும்போதெல்லாம் முறுக்கேறி வருடக் கணக்கில் நைந்து அறுந்துபோவது அந்தக் கார்களில் வழக்கமான நோய். அங்கே மாற்ற வேண்டியது அந்த வயர்தான், பெட்டியில் கோளாறே இருக்காது.

ஆகவே மெக்கானிக்கிடம் ஒரே ஒரு சோதனையைக் கேளுங்கள். கார் அடம்பிடிக்கும் அந்த நேரத்திலேயே, சாவியை ஸ்டார்ட் நிலையில் ஒருவர் பிடித்திருக்க, சொலினாய்டுக்கு வரும் மெல்லிய வயரில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். அங்கே பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய முழுதாக வந்தும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் இம்மொபைலைசர் நிரபராதி. செல்ஃப் மோட்டாரையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் சந்தேகம் இம்மொபைலைசர், இக்னிஷன் சுவிட்ச், இடையிலுள்ள ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) என்ற வட்டத்துக்குள் சுருங்கிவிடும். கார் நன்றாகக் கிளம்பும் நாளில் இந்தச் சோதனையைச் செய்தால் எதுவும் தெரியாது.

அதற்கு முன் காசில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். மாற்றுச் சாவியால் கிளம்புகிறதா என்று பாருங்கள். சிப் வைத்த சாவியாக இருந்தால் வளையத்திலுள்ள மற்றச் சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள். இன்னொரு சிப் சாவி அருகில் இருந்தாலே சில கார்கள் குழம்பும். ரிமோட்டின் பேட்டரியை மாற்றியும் பயனில்லை என்று சிலர் வருந்துவார்கள். கதவைத் திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி வேண்டும். இம்மொபைலைசரின் சிப்புக்குப் பேட்டரியே கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள காயிலிலிருந்துதான் அது மின்சாரம் பெறுகிறது. இரண்டும் ஒரே சாவிக்குள் இருந்தாலும் வேறு வேறு வேலை. டேஷ்போர்டின் பாதுகாப்பு விளக்கு கார் கிளம்பும் நாளிலும் கிளம்பாத நாளிலும் எப்படி எரிகிறது என்று குறித்து வையுங்கள். மெக்கானிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி அதுதான்.

சோதித்தபின் இம்மொபைலைசர்தான் என்று தெரிந்தாலும், கழற்றுமுன் ஒருமுறை பழுதுபார்க்க முயலச் சொல்வேன். இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் சாதாரண ரிலேக்கள். அவற்றின் கால்களில் சால்டர் விரிசல் விட்டால், சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. மின்னணுப் பலகையைக் கையாளத் தெரிந்தவர் புதுச் சால்டர் வைத்தே இதைச் சரிசெய்துவிடுவார். ஈரமும் பெரிய எதிரி. போர்ஷே 986 பாக்ஸ்டரிலும் 996-லும் அலாரமும் இம்மொபைலைசரும் சேர்ந்த பெட்டி சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. மழைநீர் வடிகால் துளை அடைத்துக்கொண்டால் முதலில் மூழ்குவது அதுதான். வடிகாலைச் சுத்தம் செய்யாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் அடுத்த மழையில் புதியதும் போகும்.

பழுதுபார்த்தும் சரியாகவில்லை, பெட்டியும் கிடைப்பதில்லை என்ற நிலையில் கழற்றுவதில் தவறில்லை. எப்போது நின்றுவிடும் என்று தெரியாத காரை யாரும் நம்பிக்கையோடு ஓட்ட முடியாது. ஆனால் எப்படிக் கழற்றுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். டிவிஆர், லோட்டஸ் போன்ற சிறிய தயாரிப்பாளர்கள் வெளி நிறுவனத்தின் இம்மொபைலைசரை வாங்கி, மூல வயரை வெட்டி இடையில் சேர்த்திருப்பார்கள். அங்கே செய்ய வேண்டியது, பெட்டியை முழுவதும் எடுத்துவிட்டு மூல வயரை மீண்டும் இணைப்பது. வயரின் கனம் மூல வயருக்குச் சமமாக இருக்க வேண்டும். இணைப்பைச் சரியாக கிரிம்ப் செய்தோ சால்டர் வைத்தோ உறையிட்டிருக்க வேண்டும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பையும் இன்சுலேஷன் டேப்பையும் ஏற்காதீர்கள். அந்த இணைப்பு வழியாகத்தான் பெட்ரோல் பம்புக்கும் இக்னிஷனுக்கும் மின்சாரம் போகிறது. ஓடும்போது அது விட்டுப்போனால் வேகச் சாலையின் நடுவில் என்ஜின் அணைந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் அதோடு போகும்.

இன்னொன்று. பல கார்களில் சென்ட்ரல் லாக், அலாரம், உள்விளக்கு எல்லாம் அதே பெட்டியில்தான். கழற்றிய பிறகு எவையெல்லாம் வேலை செய்யாது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பெட்டியை உங்களிடமே தரச் சொல்லுங்கள். நாளை காரை வாங்க வருபவர் கேட்பார்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் பிரீமியம் ஏறுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். பிரீமியம் ஏறினால் ஏறட்டும். திருட்டுப் போனபின் "பாலிசியில் இம்மொபைலைசர் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்களே" என்று கேட்டால் பதிலிருக்காது; கார் முழுவதற்குமான இழப்பீடே சிக்கலாகிவிடும். பல நாடுகளில் சட்டமும் இதில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபரிலிருந்தும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலையிலிருந்தும், கனடாவில் 2007 செப்டம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு இம்மொபைலைசர் கட்டாயம். உங்கள் கார் அந்தக் கெடுவுக்கு முந்தியதா, பிந்தியதா என்பதைப் பொறுத்து விதி மாறலாம், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனத்துக்கு எழுதும்போது கழற்றியதை மட்டும் எழுதாமல், அதற்குப் பதிலாக என்ன பொருத்தியிருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். அங்கீகாரம் பெற்ற புதிய இம்மொபைலைசர் ஒன்றைப் பொருத்திச் சான்றிதழ் வாங்குவதே என் முதல் சிபாரிசு. ஜிபிஎஸ் டிராக்கரும் கண்ணுக்குத் தெரியும் ஸ்டியரிங் பூட்டும் அடுத்தபடி. மறைவான பேட்டரி சுவிட்ச் பயனுள்ளதுதான் என்றாலும், அதை மட்டும் வைத்து எந்த நிறுவனமும் திருப்தியடையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: என் காரில் சாவியின் சிப்பும் இசியுவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஜோடி. "இம்மோ ஆஃப் செய்த இசியு, போட்டதும் ஓடும்" என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த வகையில் வயரை இணைத்து வேலையை முடிக்க முடியாது. சாவியை உறுதிசெய்யாமல் பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ விடக்கூடாது என்ற கட்டளை இசியுவுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இசியுவையே மாற்றி விற்கிறார்கள். வெளியே ஒரே எண் ஒட்டியிருந்தாலும் உள்ளே உங்கள் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருந்தும் மென்பொருள்தானா என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். செய்துதான் ஆக வேண்டுமென்றால் உங்கள் சொந்த இசியுவைத் தெரிந்த நிபுணரிடம் கொடுங்கள். முதலில் அதிலுள்ள தரவு முழுவதையும் படித்து ஒரு பிரதியை உங்களிடம் தரட்டும், பிறகு கை வைக்கட்டும். உங்கள் உரிமை ஆவணத்தைக் கேட்காமல் வேலையை எடுத்துக்கொள்பவரிடம் போகாதீர்கள். அவர் யாருக்கும் அதைச் செய்துகொடுப்பார்.

அந்தச் செலவுக்கு முன் கையேட்டைப் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் அவசர வழியையே வைத்திருக்கிறார்கள். பழைய ஃபியட், ஆல்ஃபா ரோமியோ கார்களில் காரோடு வரும் குறியீட்டு அட்டையிலுள்ள எண்ணை ஆக்ஸிலரேட்டர் பெடல் மூலமே கொடுத்துக் கிளப்பலாம். தற்காலிக வழிதான், ஆனால் நடுவழியில் மாட்டும்போது காப்பாற்றும்.

கேள்வி: வாங்கப் பார்க்கும் காரில் இம்மொபைலைசர் ஏற்கெனவே பைபாஸ் ஆகியிருக்கிறது என்கிறார் விற்பவர். விட்டுவிடவா?

பதில்: அவரே சொன்னது நல்ல அறிகுறி. விட்டுவிட வேண்டியதில்லை. யார் செய்தது, எப்போது, பில் இருக்கிறதா, கழற்றிய பெட்டி எங்கே என்று கேளுங்கள். டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுற்றிய முடிச்சுகளும் வேறு நிற வயர்களும் தொங்கினால், அதை ஒழுங்காகச் செய்ய ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். எத்தனை சாவி தருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஆரம்பகால ஃபியட், ஆல்ஃபா கார்களில் சிவப்பு மாஸ்டர் சாவி இல்லாமல் புதுச் சாவிக்குக் குறியீடு ஏற்ற முடியாது. அதுவும் குறியீட்டு அட்டையும் இல்லையென்றால் தயங்காமல் பேரம் பேசலாம். கடைசியாக, என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது அணைத்து, சற்று விட்டு மீண்டும் கிளப்பிப் பாருங்கள். பைபாஸுக்குப் பின்னும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், முந்தைய உரிமையாளர் தேவையில்லாமல் இம்மொபைலைசரைக் கழற்றியிருக்கிறார் என்று அர்த்தம். மூலக் கோளாறு இன்னும் காரிலேயே இருக்கிறது.