அலசிய தண்ணீர்

ஐயா,
திருகோணமலையில் இரசாயனவியல் படித்தவள் நான். வருகை ஆய்வாளராக ஓராண்டுக்கு ஜப்பான் போகிறேன். ஆய்வுகூடமே கதியென்று கிடந்துவிட்டு, அந்த நாட்டின் பண்பாட்டைப் பார்க்காமலே திரும்பிவிடுவேனோ என்று பயம். மொழி, கோயில்கள், தேநீர்ச் சடங்கு என்று நேரத்தை எப்படிப் பிரிப்பது? சாப்பாடும் ஒரு யோசனை, நான் சைவம்.
வாசகி, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

மரக்கறிச் சூப்பிலும் பெரும்பாலும் 'தாஷி' என்ற மீன்சாறு இருக்கும், நீங்களே சமையுங்கள். கோயில்கள் எங்கேயும் ஓடிப்போகாது. தேநீர்ச் சடங்குக்கு அழைத்தால் வெள்ளைக் காலுறை போட்டு, மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள், கிண்ணம் கீறுப்படும்.

ஆய்வுகூடம் ஒரு பக்கம், பண்பாடு மறுபக்கம் என்று கோடு கிழிக்கிறீர்களே, அதற்குத்தான் ஏசவேண்டும். பண்பாடு பார்க்க ஆசையென்றால் முதல் நாளே சிங்குக்குப் பக்கத்தில் நில்லுங்கள். நம்மூரில் பரிசோதனை முடிந்ததும் குழாயைத் திறந்து ஊற்றிவிடுவோம். அங்கே குடுவையை அலசும் முதல் இரண்டு தண்ணீரும் கழிவுக் கலனுக்குத்தான். பல பல்கலைக்கழகங்களில் அதுதான் விதி. குளோரோபோம், டைகுளோரோமீதேன் ஒரு கலன். அசற்றோன், ஹெக்சேன் வேறு கலன். அமிலம், காரம், பாதரசம் தனித்தனி. ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. ஊற்றியது என்ன, எவ்வளவு என்று அந்த இடத்திலேயே எழுதவேண்டும்.

எல்லாம் கழிவுதானே என்று கலந்தால்? குளோரோபோமும் அசற்றோனும் சும்மா கிடக்கும். கொஞ்சம் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு பட்டால் போதும், வெப்பம் கக்கி வினைபடும், மூடிய போத்தல் வெடிக்கும். அசற்றோனில் நைத்திரிக் அமிலம் விழுந்தால் இன்னும் மோசம். சில நேரம் உடனே ஒன்றும் தெரியாது. பிறகு பழுப்புப் புகை வரும், அமுக்கம் ஏறும், போத்தல் சிதறும்.

மொழியையும் அந்த லேபல்களில் தொடங்குங்கள். பிறமொழிச் சொற்களை எழுதும் கத்தகானா எழுத்து தெரிந்தால் அசற்றோன், குளோரோபோம் எல்லாம் வாசிக்கலாம். ஆனால் அமிலங்களின் பெயர்கள் சீன எழுத்தில் இருக்கும். நைத்திரிக், சல்பூரிக், ஐதரோகுளோரிக் என்று மூன்றையும் போவதற்கு முன்னரே பாடமாக்குங்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று அங்கே யாரும் உட்கார்ந்து விளக்கமாட்டார்கள். மினமாத்தா என்று ஒரு மீன்பிடி ஊர், நம் உட்துறைமுகம் போல நிலம் சூழ்ந்த கடல். 1932 முதல் 1968 வரை அங்கே ஓர் ஆலை அசற்றல்டிகைட்டு என்ற இரசாயனம் செய்தது, வினையூக்கி பாதரசம். அது மெதைல் பாதரசமாகிக் கழிவுநீரோடு கடலுக்குப் போய், மீனில் ஏறி, மீன் தின்ற பூனைகளும் மனிதர்களும் வலிப்பு வந்து விழுந்தார்கள். நோய் பதிவானது 1956இல். அதன் பிறகும் பன்னிரண்டு வருடம் ஆலை ஓடியது! இது தெரியாமல் அங்கே நூறு கோயில் பார்த்து என்ன?

கோபிக்காதீர்கள். நம்மூர்ப் பிள்ளை போகிறதே என்ற சந்தோஷத்தில்தான் இவ்வளவு ஏச்சும். தங்குமிடத்திலும் இதே கதைதான்: பிளாஸ்டிக் போத்தலின் மூடியையும் லேபலையும் கழற்றி, போத்தலை அலசி, தனியாகப் போடவேண்டும். எரிக்கும் குப்பையை உரிய நாள் காலையில் வைத்து வலையால் மூடுங்கள். காகம் அங்கேயும் உண்டு.